நாற்பத்தொரு படிவங்கள்

க்வி நோன்
மார்ச் 12

அன்பு மகன் கியெமுக்கு,

அம்மா எழுதுகிறேன். வீடு, மாடியில் இருக்கும் புதினாத் தொட்டி, அடுத்த வீட்டு நாய் எல்லாம் நீ விட்டுப்போனபடியே இருக்கின்றன. நாய் மட்டும் முன்னைவிட அதிகமாகக் குரைக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்பதை உன் சாப்பாட்டை வைத்துத்தான் நான் முடிவு செய்வேன். அதனால் அடுத்த முறை போன் செய்யும்போது "சாப்பிட்டேன்மா" என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல், மூன்று வேளையும் என்ன சாப்பிட்டாய் என்று ஒழுங்காகச் சொல்.

இந்தப் பார்சலை ஹனோய் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். மேலே காய்ந்த கணவாய், நடுவில் கருப்புக் கொழுக்கட்டை இருபது, அடியில் பிளாஸ்டிக் உறையில் உன் ஆராய்ச்சிப் படிவங்கள். கொழுக்கட்டைக்கு இலை மடித்துக் கட்டியது லியூ அக்கா. "பையன் ஹனோய்க்காரன் ஆயிட்டான், கொழுக்கட்டையை முள்கரண்டியில குத்தித் தின்பானோ என்னவோ" என்று கேலி செய்துகொண்டே கட்டினாள்.

எங்கள் ஹோட்டலில் எழுபது பேர். எழுபது படிவமும் நிரம்பித் திரும்பி வருகின்றன. மற்ற இரண்டு ஹோட்டல்களில் பாதிகூட வரவில்லை என்று வருத்தப்பட்டாயே, பார், அம்மா இருக்கும் இடத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று. பச்சை இலை அட்டையைப் பற்றி எல்லோரும் நல்லபடியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். விருந்தாளி அட்டையைக் கதவில் தொங்கவிட்டால் அன்று அறையைத் தொட வேண்டாம், தண்ணீர் மிச்சம், சோப்பு மிச்சம், கடலுக்கும் நல்லது. இதில் யாருக்கு என்ன குறை இருக்கப்போகிறது? இன்னும் மூன்றாம் மாடியில் மட்டும்தான் சோதனையாக நடக்கிறது.

சில படிவங்களில் பேனா மை ஒரே மாதிரி இருந்தால் ஆச்சரியப்படாதே. துணி அறையில் பேனா இரண்டுதான், அதைத்தான் கைமாற்றி எழுதினார்கள். உறைக்குள் போட்டு ஒட்டித் தரச் சொன்னாய். பசை காய்ந்துவிட்டது. நீ உபரியாகக் கொடுத்த முப்பது வெற்றுப் படிவங்களும் ஈரம் பட்டு வீணாகிவிட்டன, அதனால் திருப்பி அனுப்பவில்லை.

உன் ஆசிரியைக்கு என் வணக்கத்தைச் சொல். படிப்பு நல்லபடி முடியட்டும்.

அன்புடன்,
அம்மா


க்வி நோன்
அக்டோபர் 9

கியெம்,

உட்கார்ந்து படி. இந்தப் பார்சலில் தின்பண்டம் எதுவும் இல்லை, தேடாதே. ஒரு கட்டுக் காகிதம்தான் இருக்கிறது. கடிதத்தைப் படித்து முடித்த பிறகு அதைப் பிரி.

போனில் சொல்லியிருக்கலாம். நான்கு முறை முயன்றேன். உன் குரலைக் கேட்டதும் அங்கே குளிர் வந்துவிட்டதா, இருமல் போனதா என்று என் வாய் எங்கேயோ ஓடிவிடுகிறது. காகிதத்தில் எழுதினால் ஓட முடியாது.

மார்ச் மாதம் நான் அனுப்பிய எழுபது படிவங்களில் நாற்பத்தொன்று நான் நிரப்பியவை.

எழுதிவிட்டேன். இந்த ஒரு வரிக்காக ஐந்து தாளைக் கிழித்துப் போட்டேன். இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் எனக்காக நீ சாக்குத் தேடாதே. அதை நானே ஏழு மாதமாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.

எல்லோரும் முதலில் தங்கள் கையால்தான் நிரப்பினார்கள். இரண்டு நாள் ஆயிற்று. நான் ஒரு தலையணை உறையில் எல்லாவற்றையும் போட்டு வைத்தேன். படிக்கக் கூடாது என்று நீ சொன்னது நினைவிருந்தது. படித்தேன். வரவேற்பு மேசைக்காரர்கள், சமையல்காரர்கள், தோட்டக்காரர் எல்லாம் ஐந்துக்கு நாலும் ஐந்துமாகப் போட்டிருந்தார்கள். இலை தொங்கினால் அவர்களுக்கு ஒன்றும் குறையாது. அறை கூட்டுகிறவர்களும் துணி துவைக்கிறவர்களும் போட்டிருந்ததுதான் வேறு. ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று. எங்களுக்குக் கூலி அறைக்கணக்கு, மூன்றாம் மாடியும் முறை வைத்து எல்லோருக்கும் வரும் என்பது உனக்குத் தெரியும். இலை தொங்கினால் அன்று அந்த அறைக்குக் கூலி இல்லை. நாலு நாள் கழித்து விருந்தாளி கிளம்பிப் போனால், நாலு நாள் மணலும், நண்டு ஓடுகளும், பீர் நாற்றமும் சேர்ந்து கிடக்கும். அத்தனையும் ஒரே அறை, ஒரே கூலி. லியூ அக்கா இருபத்து நாலு கேள்விக்கும் ஒன்று போட்டு, கடைசியில் நீ விட்டிருந்த வெற்றுக் கோட்டில் தன் கோணல் எழுத்தில் இரண்டு வரி எழுதியும் வைத்திருந்தாள்.

அன்றே மேனேஜர் தோவான் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார். சிரித்தபடிதான் பேசினார். "சென் அக்கா, உறையெல்லாம் ஒட்ட வேணாம். நான் ஒரு தடவை பாத்துட்டுக் குடுக்கறேன். நம்ம வீட்டுப் பிள்ளையோட ஆராய்ச்சி, நம்ம வீட்டு மானமும் அதுல இருக்குல்ல" என்றார். லியூ அக்காவின் எழுத்து அவருக்குத் தெரியும். பத்தொன்பது வருடமாகத் தினமும் அறைப் பதிவேட்டில் பார்க்கும் எழுத்து.

அந்தப் பயம் உண்மை. ஆனால் அது பாதிதான். மீதிப் பாதியைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. அதற்கு முந்தின நாள் மகளிர் தின விருந்தில், எல்லோர் முன்னாலும், மீன் சேமியாச் சூப்புக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் பெருமை பேசியிருந்தேன். என் மகன் இந்த ஹோட்டலுக்குப் பெரிய பேர் வாங்கித் தருவான், பார்த்துக்கொண்டே இருங்கள் என்று. தோவான் கை தட்டினார். மகன் ஆராய்ச்சிக்காக நான்தானே அவரிடம் போய் அனுமதி கேட்டு நின்றேன்? இப்போது இந்த ஒன்றுகளையும் இரண்டுகளையும் அவர் கையில் எப்படிக் கொடுப்பது? நல்லதைக் காட்டு, கெட்டதை மூடு என்று நம் பக்கத்தில் சொல்வார்களே, அந்த ஒரு பாடத்தை மட்டும் நான் நன்றாகப் படித்திருந்தேன்.

மூன்று மத்தியானம் ஆயிற்று. சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் துணி அறையில் அட்டை விரித்துத் தூங்கும் நேரம். சின்ன வயதில் விடுமுறை நாட்களில் நீயும் அங்கேதான் தூங்குவாய், போர்வை அடுக்குக்கும் சுவருக்கும் நடுவில். அதே இடத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து எழுதினேன். ஈரம் பட்டு வீணானதாகச் சொன்ன முப்பது படிவங்கள் வீணாகவில்லை. மேலும் பன்னிரண்டு நகல் எடுத்தேன். சிலதை இடது கையால் நிரப்பினேன். எல்லாம் ஐந்தாக இருந்தால் நீ சந்தேகப்படுவாய் என்று நடுநடுவே நாலு, அங்கங்கே ஒரு மூன்று. எனக்கு இவ்வளவு மூளை இருப்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது.

லியூ அக்கா என் பக்கத்திலேயே வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் முழங்கை என் முட்டியில் இடித்துக்கொண்டிருந்தது. "இந்தத் திட்டத்தில் பங்கு பெறுவதில் பெருமை கொள்கிறேன்" என்ற வரிக்கு அவள் சார்பில் நான் ஐந்து போட்டேன். அவள் புரண்டு படுத்தாள். நான் படிவத்தைத் தொடைக்கு அடியில் மறைத்துக்கொண்டேன்.

தோவான் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார், பார்சல் உனக்கு வந்தது. ஏப்ரலில் என்னை மூன்றாம் மாடிக்குப் பொறுப்பாளர் ஆக்கினார். மாதச் சம்பளம். அன்றிலிருந்து இலை தொங்கினாலும் தொங்காவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். அதை உன்னிடம் போனில் சொன்னபோது நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய். அனுமதிக்குப் பதிலாக நீ தருவதாகச் சொன்ன சுருக்க ரிப்போர்ட் ஜூலையில் வந்தது.

அது வந்தது நமக்குத் தெரியும். அதற்குப் பிறகு இங்கே நடந்ததுதான் உனக்குத் தெரியாது. தோவான் எங்கள் எல்லோரையும் பின் முற்றத்தில் கூட்டினார். உன் ரிப்போர்ட்டில் கணக்குப் படம் போட்ட பக்கத்தைச் சுவரில் ஒட்டிக் காட்டினார். ஐந்துக்கு நாலு புள்ளி ஆறு. ஊழியர்களே திட்டத்தை விரிவாக்கச் சொல்கிறார்கள் என்று உன் பெயருக்குக் கீழே எழுதியிருந்தது. "நான் சொல்லல, நீங்களே சொல்லியிருக்கீங்க" என்றார் தோவான். அடுத்த வாரமே ஆறு மாடிக்கும் பச்சை இலை வந்துவிட்டது. அட்டை தொங்கவிடும் விருந்தாளிக்கு ஒரு இளநீர் இலவசம். நுழைவாயிலில் வைக்க ஒரு சர்டிபிகேட்டும் வாங்கிவிட்டார். நாலு நாள் ஊறிய குளியலறைக்கு முன்பு போட்ட மருந்து போதவில்லை, இரண்டு மடங்கு காரமானதை ஊற்றுகிறார்கள். லியூ அக்காவின் விரல்கள் உரிந்துவிட்டன. அவளால் இப்போது கொழுக்கட்டைக்கு இலை மடிக்க முடியாது.

அறை குறைந்தால் ஆளும் குறையத்தான் செய்யும். ஆகஸ்டில் ஹோவாயின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. போன வருடம் வேலைக்குச் சேர்ந்தாளே, எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கும் பெண், அவள்தான். கிளம்பும் நாளில்கூட அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "அக்கா, உங்க பையன் நாங்க போட்ட ஒண்ணையெல்லாம் அஞ்சாக்கிட்டாரே. அவரை ஒரு பேங்குல சேத்து விடுங்க, நாங்க எல்லாரும் பணக்காரங்க ஆயிடுவோம்." துணி அறையே சிரித்தது. லியூ அக்கா சிரிக்கவில்லை. "படிச்சவன் கையில பென்சில் இருக்கு, நம்ம கையில துடைப்பம் இருக்கு. எது ஜெயிக்கும்னு கேக்கணுமா? நம்ம மடியில தூங்கின பய" என்றாள்.

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சும்மா இருந்திருந்தாலும் பரவாயில்லை. நான் வாயைத் திறந்து, "அவனோட டீச்சர்தான் மாத்தச் சொல்லியிருப்பாங்க, சின்னப் பையன், அவன் என்ன செய்வான்" என்றேன்.

இதைத் திரும்பப் படி, மகனே. என் தப்பை உன் தலையில் போட்டேன். உன் தலை கனக்குமே என்று அதில் பாதியை, நான் முகம்கூடப் பார்த்திராத உன் ஆசிரியையின் தலையில் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள்கூடத் தன் சோற்றில்தான் மறைப்பாள். நான் உன் தட்டில் மறைத்தேன். மூன்று மாதம் அவர்கள் உன்னைப் பொய்யன் என்றார்கள். நான் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

போன வாரம் நீ போன் செய்தாய். ஆசிரியை இரண்டு முறை கேட்டுவிட்டார் என்றாய். மற்ற இரண்டு ஹோட்டல்களில் அறைப் பெண்கள் திட்டத்தைத் திட்டுகிறார்கள், இந்த ஒரு ஹோட்டலில் மட்டும் ஏன் இப்படிப் பாராட்டுகிறார்கள், படிவங்களை யார் வாங்கினார்கள் என்று. "எங்கம்மா வாங்கினது, அதுல சந்தேகமே வேணாம்னு சொல்லிட்டேன்மா" என்றாய். நான் சரி என்றேன். அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று போனை வைத்தேன். அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.

மறுநாள் மழையோடு லியூ அக்கா வீட்டுக்குப் போனேன். மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால், அதே சந்துதான். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மீன் செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள். வந்தவளை உட்காரச் சொல்லவில்லை. நான் பொறுப்பாளர் ஆனதிலிருந்து அவள் என்னை உட்காரச் சொல்வதில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. முடிந்ததும், "அப்போ பையன் செய்யல" என்றாள். செய்யவில்லை என்றேன். "மூணு மாசமா அவனை நாங்க நாயை விடக் கேவலமாத் திட்டினோம். நீ பக்கத்துல உக்காந்து சோறு தின்னுட்டிருந்தே. தொண்டையில எறங்குச்சா?" என்றாள். இறங்கியது என்றேன்.

நான் அழுதேன். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. "அழுது என் வீட்டை ஈரமாக்காதே, மழையே போதும். என் காகிதத்தைக் காட்டு" என்றாள்.

காகிதம் இருந்தது. பழைய படிவங்களை எரிக்க எனக்குக் கை வரவில்லை. அவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியது. வீட்டில் அப்பா படத்துக்குக் கீழே, ஊதுபத்திப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஏழு மாதமாக நான் விளக்கு ஏற்றும்போதெல்லாம் அப்பா அதற்குக் காவல் இருந்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது பொய்யில்லை. அவர் முகத்தை நேராகப் பார்த்து நான் ஊதுபத்தி ஏற்றி எத்தனையோ நாளாயிற்று.

லியூ அக்கா கையைத் துடைத்துக்கொண்டு தன் படிவத்தை வாங்கினாள். கடைசியில் தான் எழுதிய இரண்டு வரியை விரலால் தொட்டுத் தொட்டு மெதுவாகப் படித்தாள். பிறகு திருப்பிக் கொடுத்து, "நல்லாத்தான் எழுதியிருக்கேன். முதல்ல உன் பையனுக்கு அனுப்பு, அப்புறம் தோவான்கிட்ட நீயே போய்ச் சொல்லு. என்கிட்ட மன்னிப்பு கேக்கற வேலையெல்லாம் கடைசியில வெச்சுக்கோ, அதுக்கு இப்ப எனக்கு நேரமில்ல" என்றாள். நான் வாசலைத் தாண்டியபோது, பையனிடம் ஒன்று சொல்லச் சொன்னாள். அவனைத் திட்டியதற்கு அடுத்த தடவை வரும்போது நேரிலேயே பேசிக்கொள்வாளாம்.

தோவானிடம் திங்கட்கிழமை போகிறேன். பொறுப்பாளர் வேலை போய்விடும். அதோடு நிறுத்தினால் நல்லது, வேலையே போனாலும் போகட்டும், எனக்குப் பெருக்கத் தெரியும். ஹோவாய்க்கும் சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் பதில் அனுப்பவில்லை.

உன் விஷயம்தான் எனக்கு ஆறவில்லை. இருபத்தெட்டாம் தேதி நீ எல்லோர் முன்னாலும் நின்று உன் ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டு உன் கையில் கிடைத்த பிறகு அந்த நாலு புள்ளி ஆறை நீ சொல்ல முடியாது. படிப்பு ஆறு மாதம் தள்ளிப்போகலாம், ஒரு வருடமே போகலாம். நீ எனக்காக எதையும் மூடி மறைக்காதே. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, படிவங்கள் கலந்துவிட்டன, தவறுதலாக நடந்தது என்றெல்லாம் சொல்லாதே. என் அம்மா பொய்யாக நிரப்பினாள் என்று சொல். உன் ஆசிரியை சரியாகத்தான் கேட்டார். நான் அவர்மேல் பழி போட்டதையும் சொல்லிவிடு.

கட்டைப் பிரித்ததும் லியூ அக்காவின் படிவத்தை முதலில் படி. மேலேயே வைத்திருக்கிறேன். "இலை தொங்கினால் கடலுக்கு நல்லது என்கிறார்கள். நல்லதாகவே இருக்கட்டும். அந்த நல்லதற்கு என் கூலியிலிருந்து எடுக்கிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறாள். நீ இரண்டு வருடமாகத் தேடியது இந்த இரண்டு வரியைத்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது. உன் படிப்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும். ஆனால் அதை உன் கைக்கு வரவிடாமல் பிடித்து வைத்தவள் நான்.

இன்னும் ஒன்று பாக்கி. நாற்பத்தொன்றில் என் படிவம் இல்லை. அதை நான் மாற்றவில்லை, மாற்ற வேண்டியிருக்கவில்லை. மார்ச்சில் எல்லோரோடும் உட்கார்ந்து நிரப்பியபோதே இருபத்து நாலுக்கும் ஐந்து போட்டிருந்தேன். அப்போது நானும் அறைக்கூலிக்காரிதான், அதே மணலை நானும்தான் அள்ளினேன். அவர்கள் எல்லோரும் பயந்துகொண்டேயாவது உண்மையை எழுதினார்கள். உன் படிவத்திலேயே உன்னிடம் பொய் சொன்ன ஒரே அறைக்காரி உன் அம்மா.

எடுத்த பன்னிரண்டு நகலில் ஒன்று மிஞ்சியிருந்தது. அதை இன்று காலை நிரப்பினேன், வலது கையால், என் பேனாவால். கட்டின் அடியில் இருக்கிறது.

நன்றாக இரு, கியெம். கோபம் இருந்தால் போன் செய்யாதே, ஆனால் மூன்று வேளையும் சாப்பிடு. ஆசிரியையிடம் போகும்போது அந்தக் கடைசிப் படிவத்தை விட்டுவிடாதே. நாற்பத்திரண்டு என்று எண்ணு.

அம்மா